வீட்டுத் தமிழ்

செம்பூரில் அந்தத் தனியார் மருத்துவமனையில் நர்ஸ் விஜயராணியை எல்லோரும் ராணி என்றே கூப்பிட்டார்கள். அவள் மராத்தி பேசுவதைக் கேட்டுக் கோலாப்பூர்ப் பக்கத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் பொய் சொன்னதில்லை, மறுத்ததும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் "மதராசி" என்று பாஷையைப் பழித்துக்காட்டிக் கேலி செய்ததிலிருந்து, தாராவி வீட்டைத் தாண்டினால் அவள் தமிழ் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து, டிரைவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வள்ளியூர்ப் பக்கத்து ஆள், இசக்கிதுரை என்று பெயர். கால் எலும்பு நொறுங்கியிருந்தது. தமிழைத் தவிர எதுவும் தெரியாது. கூடவந்த மச்சினனுக்குத்தான் இந்தி தெரியும். அவன் வழியிலேயே இறந்துபோயிருந்தான். அதை அறியாமல் இவர் எதிர்ப்பட்டவர் கையையெல்லாம் பிடித்து எதையோ கேட்டார். ஊசி போட விடவில்லை.

"யாருக்காவது தமிழ் தெரியுமா?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

ராணி மருந்துத் தட்டைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும் சார். நான் தமிழ்தான்."

தினமும் அவளோடு டப்பா பிரித்துச் சாப்பிடும் நர்ஸ் பேகம் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, சொல்லுங்க. என்ன வேணும்?"

அவர் அழுதுவிட்டார். "எம் மச்சினன் எங்க தாயி? ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ."

அவர் கேட்டதை ராணி இந்தியில் சொன்னதும், சொல்லிவிடும்படி டாக்டர் தலையசைத்தார். இந்தியில், மராத்தியில் என்றால் இதற்கென்று பழகிய வார்த்தைகள் அவளிடம் இருந்தன. தமிழில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவிடம் சோறு கேட்பதும் தம்பியை ஏசுவதும்தான்.

"அண்ணாச்சி... அவிய போயிட்டாவ."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எந்த ஊரு?" என்றார்.

"தாராவி."

"அது இல்ல. சொந்த ஊரு?"

"பொறந்தது வளந்தது எல்லாம் இங்கதான். இதான் ஊரு."

"சரி. என்னைய உள்ள கொண்டு போற வரைக்கும் என்னத்தையாவது பேசிட்டு இரு."

காலையில் தங்கள் சந்தில் தண்ணீர் வராததையும், தண்ணீரையெல்லாம் உறிஞ்சும் பக்கத்து வீட்டு மோட்டாரை அம்மா பேராச்சி பிடுங்கப் போனதையும் சொன்னாள். அவர் கண்ணை மூடி ம் கொட்டினார். ஊசிக்குக் கையைக் கொடுத்தார். ஸ்ட்ரெச்சரோடு ஆப்பரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் பேசிக்கொண்டே நடந்தாள்.

கதவு மூடியதும், "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்று பேகம் இந்தியில் கேட்டாள்.

"வெக்கமா இருந்துச்சு."

அது தமிழிலேயே வந்துவிட்டது. பேகம் புரியாமல் நின்றாள். ராணி அதை இந்தியில் இன்னொரு தரம் சொன்னாள்.