புகைபோக்கிக்கு ஒரு கம்பளி

"இந்தக் காத்த நிறுத்து, இல்லன்னா நான் பின்னால இருக்கற ரூமுக்குப் போயிடுவேன்," என்றாள் ஓஸ்லா.

"போயேன். உன் குறட்டையாவது தொலையும்," என்றான் அவள் கணவன் கிப்பி, புரண்டுகூடப் படுக்காமல்.

மூன்று குளிர்காலத்துக்கு முன் நடந்த பேச்சு அது. இருவருமே விளையாட்டாகத்தான் பேசினார்கள். ஆனால் அவள் போய்விட்டாள், அவன் தடுக்கவில்லை. வீம்பாகக் கிளம்பியவள் கூப்பிடாமல் எப்படித் திரும்புவது?

கணப்பில் எரிக்கும் கரிமண்ணை வெட்ட முதுகு இடம் கொடுக்காமல் போனதும் ஹீட்டர் வாங்கினார்கள். அன்றிலிருந்து படுக்கையறைக் கணப்பு சும்மா கிடந்தது. அதன் வழியே ஷெட்லாந்து தீவின் கடல்காற்று முழுவதும் உள்ளே இறங்கியது. கிப்பி செய்தித்தாளைத் திணித்தான். காற்று அதைக் கரியோடு கட்டில்மேல் துப்பியது. பலகை வைத்து அடைத்தான். சுவரில் ஓதம் பூத்தது. கடைசியில், தாங்கள் வளர்க்கும் ஆட்டின் ரோமத்தையே அடைத்தால் காற்று நிற்கும், சுவருக்கும் மூச்சு முட்டாது என்று அவனுக்குத் தோன்றியது.

டிசம்பர் மாதம். மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிட்டது. டார்ச் பிடிக்க அவளைக் கூப்பிட்டான். காற்று நின்ற பிறகும் இந்த அறைக்குத் திரும்பி வரச்சொல்லிக் கூப்பிடவில்லையென்றால் இவன் இனி எப்போதுமே கூப்பிடப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் வந்தாள்.

இருவரும் மண்டியிட்டுக் கணப்புக்குள் தலையை நீட்டினார்கள்.

"டார்ச்ச அணைச்சிட்டு மேல பாரு," என்றான் அவன்.

பார்த்தாள். கரிய சுரங்கத்தின் உச்சியில் உள்ளங்கை அளவு வானம். அதில் பச்சை வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. அந்தத் தீவில் பிறந்தவளுக்கு குளிர்கால இரவு வானில் ஆடும் அந்த வடதுருவ வெளிச்சம் புதிதில்லை. ஆனால் தலைகீழாகக் கவிழ்த்த கிணற்றின் அடியில் தண்ணீர் தளும்புவதுபோல அதை அவள் கண்டதே இல்லை. எப்போதும் கீழே இறங்கும் காற்று இப்போது கன்னத்தை உரசிக்கொண்டு மேலே போனது. வீடே அந்த வெளிச்சத்தைப் பார்த்து மூச்சுவிடுவதுபோல. தன் தோள் அவன் தோளில் சாய்ந்திருப்பதை வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தாள்.

"இதையா இத்தன வருஷம் திட்டினோம்," என்றாள் மெதுவாக.

"அப்ப அடைக்க வேணாமா?"

"அட, அடைச்சுத் தொலை. வானத்த வாசல்ல நின்னு பாத்துக்கறேன்."

அவன் ரோமத்தை உருட்டித் துடைப்பக் கட்டையால் மேலே தள்ளினான். மறந்துபோய் யாரும் தீ மூட்டிவிடக் கூடாதே என்று சிவப்புத் துணி கட்டிய கயிறு ஒன்றைக் கீழே தொங்கவிட்டான்.

சட்டென்று அறை அமைதியானது. ஓயாமல் ஆடும் திரைச்சீலை அசையவில்லை. வெளியே காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருக்க, உள்ளே அவன் மூச்சு அவளுக்குக் கேட்டது.

அவள் முழங்காலில் ஒட்டிய கரியைத் தட்டினாள். அதற்கு மேல் அங்கே நிற்கக் காரணம் கிடைக்காமல் கதவுப் பக்கம் திரும்பினாள்.

கணப்பைப் பார்த்தபடியே கிப்பி சொன்னான்: "ஓஸ்லா, இந்த ரூமுக்கே வந்துடு. தனியா எனக்குத் தூக்கமே வரல."