செலஸ்தீனாவின் பூமுடி

பூமுடி இறங்கவில்லை. மதலேனா இரண்டு கைகளாலும் அதைப் பிரேதத்தின் தலையில் வைத்து அழுத்தினாள். காதோரத்துப் பூவொன்று நசுங்கியது. கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்த பவுலீனா வாசலிலேயே நின்றுவிட்டாள். செத்துக் கிடந்தவள் அவளுடைய தங்கை லூசியா. அழுத்திக்கொண்டிருந்தவள் அண்ணன் பெண்சாதி. பூமுடியோ பவுலீனாவின் மகள் செலஸ்தீனாவுக்குரியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் நன்மையாக நற்கருணை வாங்கும்போது வைப்பதற்கென்று லூசியா தன் கையால் செய்தது.

"என்ன மச்சாள் செய்யுறீங்க? அது புள்ளைட முடி!"

"கன்னியாச் செத்தவளை வெறுந்தலையோட பெட்டியில வைக்கிறதா? ஊர் காறித் துப்பும்கா. புள்ளைக்கு வேற ஒண்டு கட்டலாம்."

வேறொன்றாம்! பவுலீனாவுக்கு உச்சிவரை பற்றி எரிந்தது. குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நெட்டித் தண்டு பிடுங்கி வந்து, காயவைத்து, இதழிதழாகச் சீவிக் கம்பியில் கோத்தவள் லூசியா. செலஸ்தீனாவின் தலையை நூலால் அளந்து அந்த அளவுக்கே வளைத்தவள். மலேரியாக் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போடும்போது கத்தியைக் கீழே வைப்பாள். நடுக்கம் விட்டதும் மறுபடி எடுப்பாள்.

"அக்கா, இதைக் கவனமா வெச்சிரு. அவள்ற கலியாணத்தண்டைக்கு எடுத்துக் காட்டு. சின்னம்மா செஞ்சதெண்டு சொல்லு" என்றாள் லூசியா கடைசியாக. கலியாணம் என்ற சொல் அவள் வாயில் எவ்வளவு சாதாரணமாக வந்தது!

சத்தம் கேட்டு அண்ணன் சவிரிமுத்து உள்ளே வந்தான். "அடக்கத்துக்குச் சுவாமி வாற நேரம், வாயை மூடு பவுலீனா. அதுதான் நம்மட குடும்பத்துக்கு மரியாதை."

மரியாதை! வீடு பெண்ணுக்கு என்பது இந்தப் பக்கத்து வழக்கம். பவுலீனாவுக்கு ஒரு வீடு கொடுத்தாயிற்று. லூசியா கலியாணம் கட்டினால் இந்த வீடு அவளுடையது. அண்ணனும் மச்சாளும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும். அதனால்தான் பெண் கேட்டு வந்தவனெல்லாம் அண்ணன் வாயில் குடிகாரனாகவோ கசநோய்க்காரனாகவோ ஆனான்.

"அவளைக் கன்னியா வெச்சது ஆரு அண்ணன்?" பவுலீனாவின் குரல் தெருவரைக்கும் போனது. "வந்த மாப்பிள்ளையெல்லாம் வாசலோட திருப்பினது ஆரு? வீடு போயிருமெண்டு அவளை அடுப்படியில போட்டு வெச்சிட்டு, இப்ப அதுக்கு முடி வேறயா? வெக்கமில்லையா உங்களுக்கு?"

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். சவிரிமுத்து கூரையைப் பார்த்தான்.

பவுலீனா பூமுடியை மெதுவாகக் கழற்றினாள். கம்பி கூந்தலில் சிக்கி இழுத்தது. "நோகுதா புள்ள?" என்று அவள் வாய் தன்னையறியாமல் கேட்டது.

"சவத்தில பட்டதை இனிப் புள்ளைட தலையில வைக்கப் போறியா? தரித்திரம்!" என்றாள் மதலேனா.

"செஞ்சவள்ற தலையில பட்டா என்ன வரும்? வாறது வரட்டும்."

பவுலீனாவே தங்கைக்குத் தலைசீவிக் கொண்டை முடிந்துவிட்டாள். லூசியா வெறுந்தலையோடுதான் போனாள்.

ஞாயிறு கோயிலில் சனம் முட்டி வழிந்தது. வெள்ளை உடுத்த பிள்ளைகள் தாய்மாருக்கு நேர்முன்னே முழங்காலில் நின்றார்கள். காதோரத்துப் பூ நசுங்கியபடியே இருந்தாலும் பூமுடி செலஸ்தீனாவின் தலையில் அளவாக உட்கார்ந்திருந்தது. அதன் கம்பியில் அன்று சிக்கிய நீண்ட தலைமயிர் ஒன்று முக்காட்டின் மேல் தொங்கியது. பவுலீனா அதைப் புறப்படும்போதே கண்டிருந்தாள்.

பக்கத்தில் கறுப்புச் சேலையோடு இருந்த மதலேனாவும் கண்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, அதை எடுத்துப்போட எட்டிக் கையை நீட்டினாள். பவுலீனா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இரிக்கட்டும் மச்சாள்."

மணி அடித்தது. செலஸ்தீனா எழுந்து பீடத்தை நோக்கி நடந்தாள். வாவிப் பக்கத்துக் கதவால் காற்று வந்து முக்காட்டைத் தூக்கியது. அந்த மயிர் விழவில்லை.