எண்பது வயது உறுப்பு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் அகராதி. பாதி அவள் வேலைக்காக, பாதி அவள் வாய்க்காக. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பல் மருத்துவர் ஒருவரின் மாடியில் இரண்டு அறைகள், இரண்டு மேசைகள். ஒன்றில் அகராதி, இன்னொன்றில் அவளுடைய அண்ணி. அண்ணிதான் முதலாளி.

வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அறிவிப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது அவர்கள் வேலைகளில் ஒன்று. விவரம் அண்ணி எழுதுவாள், தலைப்பு அகராதி போடுவாள். அந்த வாரம் தலைப்புகள் தனித்தாளில் வந்திருந்தன. காலையிலிருந்து ஒரு மருத்துவக் கையேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அகராதி, ‘ஆர்கன் டொனேஷன்’ என்ற வரியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு ‘உறுப்பு தானம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அண்ணியிடம் இருந்த தாளில் பொருளின் பெயரே இல்லை, எல்லாம் ‘இது’தான். ஏதோ வாத்தியம் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. தலைப்பில் வந்துவிடுமே என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இப்படி அச்சாகி வந்தது:

‘உறுப்பு தானம். வயது எண்பது. காற்றுப்பைகள் இரண்டும் புதிதாகத் தைக்கப்பட்டவை. நாக்குகளில் நான்கு மட்டும் பேசாது. காலால் மிதித்தால் நன்றாகச் சத்தம் வரும். இலவசம். தூக்கிப்போக நான்கு பேரோடு வரவும்.’

தமிழில் விசாரிப்பவர்களுக்காக அலுவலக எண்ணையும் போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கே போன் அலறியது.

“ஏம்மா, மிதிச்சா யாருக்குத்தான் சத்தம் வராது?” என்றது முதல் குரல்.

அடுத்தவர், மாமியாருக்குப் பேசாத நாக்கு ஒன்று கிடைக்குமா என்றார். அகராதிக்கு முகம் எரிந்தது. அண்ணிக்குச் சிரிப்பை அடக்கியதில் புரையேறியது.

“இது ஆர்கன் பொட்டிடி. மிதிச்சு வாசிப்பாங்களே, அது. நாக்குன்னா உள்ள அதிர்ற தகடு. ஏதோ சங்கத்துக் கூடத்துல சும்மா கெடக்குதுன்னு குடுக்குறாங்க.”

“நீங்க பாத்திருந்தா சொல்லியிருக்கலாம்ல அண்ணி?”

“தலைப்புல நான் கைவெச்சா உனக்குத்தான் மூக்குக்கு மேல கோவம் வருமே!”

பதினோராவது அழைப்பில் ஒரு ஆண் குரல். தயங்கித் தயங்கி வந்தது.

“நான் பஸ் டிரைவருங்க. எங்க வீட்டம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். பேப்பர்ல போட்டது அது இல்லன்னு படிக்கும்போதே தெரிஞ்சுதுங்க. இருந்தாலும் தலைப்பப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. ஒரு வார்த்த கேட்டுடலாம்னு...”

தப்பு எங்களுடையது என்று மட்டும் அகராதி எப்படியோ சொன்னாள். “பரவால்லமா, இதுக்கெல்லாம் வருத்தப்படாத” என்று அவர்தான் அவளைத் தேற்றினார். அவளே விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை அந்த வீட்டுக் கதவைத் திறந்தது மனைவிதான். ஐம்பது வயதிருக்கும். தோளில் அளவு நாடா தொங்கியது. தையல் இயந்திரத்தில் பாதி தைத்த சட்டை கிடந்தது. அகராதி வாசலிலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள்.

“அட, உள்ள வா மொதல்ல. நான் படிச்சுட்டு நேத்து முழுக்கச் சிரிச்சேன். இவர்தான் போன் பண்ணிட்டு மூஞ்சத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தாரு.” நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளி நகர்த்தினாள். “அது சரி, அந்தப் பொட்டிக்கும் கிட்னிக்கும் எப்படி ஒரே பேரு வெச்சான்?”

அகராதிக்கு உயிர் வந்தது. ‘ஆர்கனான்’ என்று ஒரு கிரேக்கச் சொல். வேலை செய்ய உதவும் சாதனம் என்று அர்த்தம். வாசிக்கிற சாதனம், உடம்புக்குள் வேலை பார்க்கிற சாதனம் என்று அந்த ஒரே சொல் இரண்டு பக்கமும் போய் ஒட்டிக்கொண்டது என்றாள்.

தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள். “அவங்கள ஏன் சொல்லணும்? நாமளும் கண்ணு, காது, மூக்க எல்லாம் ஐம்பொறிங்குறோம். எலி புடிக்கிறதும் பொறிதான், எந்திரமும் பொறிதான். அப்ப நம்மாளும் அதேதான நெனச்சிருக்கான்?”

பதினாறு வருடம் சொற்களோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது தோன்றியதே இல்லை. “அக்கா, எனக்கு வெச்ச பேர உங்களுக்கு வெச்சிருக்கணும்” என்றாள்.

“அந்தப் பொட்டியப் பாக்க முடியுமா?” என்று கேட்டாள் தையல்காரம்மா.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூவரும் அந்தச் சங்கத்துக் கூடத்துக்குப் போனார்கள். மடக்கிய நாற்காலிகளுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் நின்றது ஆர்கன். தையல்காரம்மாவின் கால்கள் வீங்கியிருந்ததால் மிதிக்க முடியவில்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மிதிகட்டைகளில் கால் வைத்தார்.

“இதுல பிரேக் எது?”

“மிதிங்க சும்மா!”

அவள் விரல் வைத்தாள். முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு குரல். கூடம் முழுக்க நிறைந்தது. அவளுக்குப் பாட்டெல்லாம் தெரியாது. ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போனாள். பேசாத கட்டை வந்ததும் நின்றாள்.

“எனக்கு ரெண்டு வேல செய்யல, இதுக்கு நாலு. ஆனா பாரு, எப்படிச் சத்தம் போடுது!”

டிரைவர் மிதித்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைக்கக்கூட மிதிப்பதை நிறுத்தவில்லை. அகராதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூடத்துக் காவலாளி இரண்டு முறை சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு நாற்காலியை விரித்து உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் திருத்தம் அச்சானது. ஆர்கனை ஒரு பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. தையல்காரம்மாவின் பெயர் இன்னும் கிட்னிக்குக் காத்திருப்போர் பட்டியலில்தான் இருக்கிறது. எட்டு இடம் மேலே ஏறியிருக்கிறதாம். டிரைவருக்கு வேலை இருக்கும் செவ்வாய்க்கிழமைகளில் டயாலிசிஸ் கட்டிலின் பக்கத்தில் அகராதி உட்காருகிறாள். “அக்கா பக்கத்துல உக்காரு, சம்பளத்துல கைவெக்க மாட்டேன்” என்று அண்ணி சொல்லிவிட்டாள். அக்காவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் வேண்டும்.

போன செவ்வாய் பியானோ. மெதுவாக, சத்தமாக என்ற இரண்டு இத்தாலியச் சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்த பெயர் அது. ஊரார் வாயில் தேய்ந்து, ‘மெதுவாக’ மட்டும்தான் மிஞ்சியது என்று அகராதி சொன்னாள்.

“அவ்ளோ பெரிய பொட்டிக்கு மெதுவான்னா பேரு?” அக்கா விழுந்து விழுந்து சிரித்ததில் ஊசி குத்திய கை ஆடி, இயந்திரம் கீச்சிட்டது. செவிலி ஓடிவந்தாள்.

“கொஞ்சம் மெதுவா பேசக் கூடாதா ரெண்டு பேரும்?”

“அதத்தாம்மா பேசிட்டிருக்கோம்” என்றாள் அக்கா.