அட்டைகளுக்கு வைத்த பொட்டு

நம் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து சில வருஷம் கழித்து, காஜா பெராங் ஊரில் ஒரு ரப்பர் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியது, கண்ணுகளா. அலமாரி அலமாரியாக ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற இயந்திரம். எந்தத் தோட்டம் எவ்வளவு ரப்பர் அனுப்பியது என்பதை அட்டைகளில் துளையாகக் குத்தும் வேலைக்குப் பூங்காவனம் சேர்ந்தாள். வேலை நிரந்தரமாவது ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி தம்பிராஜா கையில் இருந்தது. அவளுக்கோ ஒன்றும் பிடிபடவில்லை.

“துளைதான் விவரம். ரீடர் அதைப் படிக்கும். படிச்சதை மெமரி வச்சுக்கும். பிரிண்டர் அச்சடிக்கும்,” என்றார் தம்பிராஜா.

“மெமரி வச்சுக்கும்னா அட்டை எதுக்கு சார்?”

“மெமரி சின்னது, தங்கச்சி. அடுத்த வேலை வந்தா முந்தினது அழிஞ்சிடும். அட்டைதான் நிக்கும்.”

ஞாபகம் என்று பேர் வைத்துக்கொண்டு மறந்துபோகுமா ஒரு பெட்டி? அவளுக்குத் தலை சுற்றியது. எல்லாம் அட்டையில் இருக்கிறது என்பது மட்டும் மனதில் நின்றது.

ஆயுத பூஜையன்று மற்றவர்கள் டைப்ரைட்டருக்கும் தராசுக்கும் பொட்டு வைத்தார்கள். பூங்காவனம் அட்டைக் கட்டுகளின் விளிம்பு நெடுகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் ரீடர் கரகரத்து நின்றுபோனது. அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே கசங்கிக் கிடந்தன.

“அலாமா! யார் வேலை இது?” என்று ஓடிவந்தார் தம்பிராஜா.

“நான்தான் சார். பூஜைக்கு...”

“மெஷினுக்கு வைக்கலாம்ல?”

“மெஷின்ல ஒண்ணும் நிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நல்ல வேளை, பன்னீர் தெளிக்கல லா,” என்றார் பக்கத்து மேசை தேவதாஸ்.

பூங்காவனத்துக்குக் கண் கலங்கியது. “போன வாரம் ரீடர் படிச்சதே சார். மெமரியில கொஞ்சமாவது ஒட்டிக்கிட்டு இருக்காதா?”

“ஒட்டினது அட்டைதான். மெமரியில எல்லாம் ஹாபிஸ், தீர்ந்துபோச்சு. உட்காரு, மறுபடி குத்து.”

தோட்டங்கள் அனுப்பிய ரசீதுகளைப் பார்த்துத் தம்பிராஜா எண்களைச் சொல்லச் சொல்ல, அவள் புது அட்டைகளில் குத்தினாள். ‘இன்றோடு நம் வேலை போயிற்று’ என்று நினைத்தபடியே ஒவ்வொரு அட்டையையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். சாயங்காலம் ரீடர் அட்டைகளை மடமடவென்று விழுங்கியது. பிரிண்டரும் ஓடியது.

தம்பிராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அடுத்த வருஷம் பொட்டு வைக்கிறதுன்னா மெஷின் மூடி மேல வை, தங்கச்சி.”

அடுத்த வருஷமா! அப்படியானால் வேலை உண்டு. வேகமாகத் தலையாட்டியவள், வரிசையாக நின்ற இயந்திரப் பெட்டிகளைப் பார்த்து விழித்தாள்; ஒவ்வொன்றிலும் ஒரு மூடி.

“எந்த மூடி சார்?”