ஒரு நெல் கனம்

கிரேன் மலைப்பாதையின் எழுபது வளைவுகளையும் ஏறி வந்து, ஒன்பது மணிக்கே திருப்புலி நாட்டுச் சரிவில் உறுமிக்கொண்டு நின்றது. மிளகுக் கொடிகளின் மேல் பனி கலையவில்லை. சென்றாயன் அதைப் பார்க்காமல், தரையில் படுத்திருந்த மூன்று மரச்சட்டங்களில் முதலாவதைப் பார்த்தான். இரண்டு பலாமரத் தூண்கள், குறுக்கே ஓர் உத்தரம். இரண்டு மூட்டிலும் புத்தம்புது இரும்பு போல்ட் மின்னியது. அவனுக்கு உள்ளுக்குள் இனித்தது.

அடிவாரத்து அர்த்தனாரி சுற்றுலா வருகிறவர்களுக்காகக் கட்டும் சாப்பாட்டுக் கூடம் அது. இடுப்பளவு கான்கிரீட், அதற்கு மேல் மரம். கான்கிரீட்டுக்கும் வரைபடத்துக்கும் இன்ஜினியர் வித்யாஸ்ரீ. மரத்துக்கு சென்றாயன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரித்ததில்லை. அவள் 'மேஸ்திரி' என்று கூப்பிட்டால் அதில் மரியாதை ஒட்டாது. அவன் 'அம்மணி' என்றால் அதில் முள் இருக்கும்.

நேற்று மாலை அவள் மூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். உத்தரத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கித் தூணுக்குள் செருகியிருந்தான். மர முளை அடிப்பதற்காகத் தூணில் ஒரு துளை, நாக்கில் ஒரு துளை. இரண்டும் நேராக இல்லை.

"ஏனுங்க மேஸ்திரி, துளை ஒரு பக்கமா ஓடியிருக்குது. கண்ணு தெரியலீங்களா?"

"நீங்க படிச்சவங்க. நீங்களே சரி பண்ணிக்குங்க அம்மணி."

அது ஓடிய துளை இல்லை. ஒரு நெல் கனம் விலக்கி, வேண்டுமென்றே போட்ட துளை. முளையை அடிக்க அடிக்க அது வளைந்து, நாக்கை உள்ளே இழுத்துப் பிடிக்கும். மரம் காய்ந்து சுருங்கினாலும் பிடி தளராது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அவன் சொல்லவில்லை. அவள் டிரில்லிங் மிஷினை வரவழைத்துத் துளைகளை அகலமாக்கி, நேராக்கி, போல்ட் மாட்ட வைப்பதை பீடி அணையும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். போல்ட் குறுக்கே நிற்கும், உள்ளே இழுக்காது. வெயில் காலத்தில் மூட்டு வாயைப் பிளக்கும். அன்றைக்கு இவள் எந்த முகத்தோடு மலை ஏறி வருவாள் என்று நினைத்துக்கொண்டே நன்றாகத் தூங்கினான்.

இப்போது சங்கிலி இறுகியது. சட்டம் மெல்ல எழுந்தது. தூணின் அடியைக் கான்கிரீட்டில் பதித்த இரும்புக் காலணிக்கு நேராகத் தள்ள வேல்முருகன் ஓடிவந்து சட்டத்துக்கு அடியிலேயே நின்றான். சென்றாயனின் பங்காளி. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

சட்டம் ஆள் உயரம் போனதும், தூண்களின் கனம் இழுக்க, மூட்டு முனகியது. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஒரு விரல் அளவு வெளிச்சம் தெரிந்தது. சென்றாயன் வெயில் காலத்தைத்தான் கணக்குப் போட்டிருந்தான். இந்தக் காலையை நினைத்துப் பார்க்கவில்லை.

"எறக்கு! டேய், எறக்கு! வேலு, வெளிய வாடா!"

சட்டம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு மண்ணில் மோதியது. வேல்முருகன் மரவள்ளிப் பாத்திக்குள் உருண்டு விழுந்தான்.

"என்னங்க ஆச்சு?" வித்யாஸ்ரீ ஓடிவந்தாள்.

சென்றாயன் சொன்னான். விலகலைச் சொன்னான், இழுப்பைச் சொன்னான். மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நேத்து நாங்க ஓட்டை போட்டப்ப நீங்க இங்கதான நின்னீங்க?"

"நின்னேன்."

"பாத்துட்டே நின்னீங்களா?"

"ஆமாங்க."

வேல்முருகன் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். "நல்லாருக்குதுடா பங்காளி. அவ மூக்கை அறுக்கறதுக்கு நானு பலியா?"

அர்த்தனாரி வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏப்பா, சாமானத்தை எடுத்துட்டுக் கெளம்பு. இனி இந்தப் பக்கம் காலு வெக்கக்கூடாது."

"இருங்க," என்றாள் வித்யாஸ்ரீ. "ஓட்டை போடச் சொன்னது நானுங்க. அதை மொதல்ல எம்மேல எழுதிக்குங்க. இவரை அனுப்பிட்டா இன்னிக்கு வேற ஆளு இல்லீங்க. நாலு மணிக்குள்ள கிரேன் எறங்கியாகணும்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நான் கேக்கலீங்களே."

நாக்குகள் பாழாகிவிட்டன. புதிய உத்தரத்துக்கு மரம் இல்லை. காலணிக்கு வெட்டியதில் மிச்சமிருந்த இரும்புப் பிளேட்டுகளில் ஒன்றை அவள் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள். "நாக்கை வெட்டி எறிஞ்சுட்டு, தூணுக்குள்ளயும் உத்தரத்துக்குள்ளயும் இதைச் செருகுனா? முளை உங்க மரத்துலயே இருக்கட்டும். எவ்வளவு விலகணும்?"

"ஒரு நெல்லு."

"மில்லியில சொல்லுங்க."

"உங்க ஊர்ல நெல்லு வெளையறதில்லீங்களா?" என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கி நகத்தால் காட்டினான். இரண்டரை.

அவள் பிளேட்டில் துளை போட வைத்தாள். அவன் விரலை விட்டுப் பார்த்துத் திருப்பி எறிந்தான். "விளிம்பு கத்தியா இருக்குது. முளையை அறுத்துரும்." அவனிடம் அரம் வாங்கி அவளே உட்கார்ந்து ராவினாள். கை தோல் உரிந்ததை அவன் பார்த்தான், சொல்லவில்லை. அவன் உளி தவறிக் கட்டை விரல் கிழிந்ததை அவளும் பார்த்தாள்.

மதியம் தாண்டி முளைகள் இறங்கின. கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலின் ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி நூலாகி, மயிராகி, பிறகு இல்லாமல் போனது.

மூன்றரைக்கு ஒரு சட்டம் எழுந்து காலணிக்குள் உட்கார்ந்தது. முனகல் இல்லை. மற்ற இரண்டு சட்டங்களுக்கும் கிரேன் இன்னொரு நாள் வர வேண்டும். முட்டுக் கொடுத்தாகிவிட்டது. இனி யாராவது மேலே ஏறிச் சங்கிலியைக் கழற்ற வேண்டும். எப்போதும் ஏறுகிறவன் வேல்முருகன்.

"வேலு," என்றான் சென்றாயன்.

வேல்முருகன் சட்டையை உதறித் தோளில் போட்டான். "நீ அடிச்ச முளைதான? நீயே ஏறிப் பாரு." சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தான்.

சென்றாயன் ஏறினான். உத்தரத்தின் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். மரம் அசையவில்லை. கீழே வித்யாஸ்ரீ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை இல்லை, தூணும் உத்தரமும் சேரும் இடத்தை. கொக்கியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, தூரத்து வளைவில் வேல்முருகன் பஸ்ஸுக்குக் கை காட்டுவது தெரிந்தது. ஒருதரம் கூப்பிட்டான். கிரேனின் சத்தத்தில் அது அங்கே எட்டியிருக்காது. எட்டியிருந்தாலும் அவன் திரும்பியிருக்க மாட்டான்.