இரைச்சல் இல்லாத பெட்டி

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும்போது அந்தச் செய்தி வந்தது. சிறுவர் படம் ஒன்றுக்குத் தாலாட்டுப் பாட ஆள் தேடிக்கொண்டிருந்த இசையமைப்பாளர் எழுதியிருந்தார். நான் அனுப்பியிருந்த பதிவைக் கேட்டுவிட்டாராம். "குரல் பிடித்திருக்கிறது. ஆனால் கொட்டும் மழையில் நின்று பாடியதுபோல் ஒரே இரைச்சல். ஞாயிறு இரவு ஒன்பதுக்குள் சுத்தமான பதிவு வந்தால் நீங்கள்தான் பாடுகிறீர்கள். இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவேன்."

குரல் பிடித்திருக்கிறது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வழியும் இல்லை. நான் பாடுவேன் என்பதே யாருக்கும் தெரியாது. ஆய்வகத்தில் தொலைபேசி அடித்தாலே பக்கத்து மேஜையைப் பார்ப்பவள் நான்.

தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணன் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அண்ணி முன் அறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைக்கிறார். அவர்களுடைய மகளுக்கு ஆறு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'வாலு'தான்.

உள் அறை என்னுடையது. அங்கே ஒரு கம்ப்யூட்டரும் மலிவாக வாங்கிய மைக்கும் இருந்தன. மாணவர்களுக்காக அறிவியல் பாடங்களை வாசித்துப் பதிவு செய்கிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். தினமும் ஏழு மணிக்கு அண்ணி, "நீ பாடம் படி. நாங்க தைச்சதைக் கடையில குடுத்துட்டு வந்துடறோம்," என்று வாலுவையும் அழைத்துக்கொண்டு கிளம்புவார். வாசல் கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் எனக்குத் தொண்டை திறக்கும். நான் பாடி முடிக்கும் நேரத்துக்குச் சரியாக அவர்கள் திரும்பி வருவார்கள். எட்டு மாதமாக இப்படித்தான். அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு அண்ணியிடம், நல்ல சவுண்ட் கார்டு ஒன்று வாங்க வேண்டும் என்றேன்.

"அது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்குமே?"

"இருக்கு. ஆனா இரையுது."

"அப்ப நாளைக்குக் காலையில போலாம். நானும் வரேன். நீ தனியாப் போனா, கடைக்காரர் என்ன குடுத்தாலும் தலையாட்டி வாங்கிட்டு வந்துடுவ."

அது உண்மை. மறுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கடை திறக்கும் முன்பே போய்விட்டோம். கீபோர்டுகளும் கிதார்களும் தொங்கிய சிறிய கடை. கடைக்காரர், கம்ப்யூட்டருக்கு வெளியே மாட்டும் சவுண்ட் கார்டு பெட்டிகள் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது கட்டைவிரல் அளவு. இரண்டாவது உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி. ஒரு மைக் மாட்டலாம். மூன்றாவதில் இரண்டு மைக்.

என் பையிலிருந்த மைக்கை வாங்கிப் பார்த்தார். "இதுக்கு நாற்பத்தெட்டு வோல்ட் வேணும்மா. கம்ப்யூட்டர் பின்னாடி இருக்கிற ஓட்டையில அஞ்சு கூட வராது. பாவம், இத்தனை நாளாப் பட்டினி போட்டிருக்கீங்க."

"கேட்டிருந்தா நானே ஒரு வாய் சோறு போட்டிருப்பேனே," என்றார் அண்ணி.

கடைக்காரர் சிரித்தார். முதல் பெட்டியை ஒதுக்கினார். "இது சும்மா பேருக்குத்தான். மைக்குக்கு மின்சாரம் குடுக்காது. இந்த ரெண்டும் குடுக்கும். கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கிறதால உள்ளே சுத்துற ஃபேன் சத்தமும் ஏறாது." பிறகு என்னைப் பார்த்தார். "பேச்சா, பாட்டா?"

"பேச்சு," என்றேன்.

"பேச்சுன்னா கொஞ்சம் குறைஞ்சதே போதும். வேற ஒண்ணு காட்டறேன்."

நான் தலையாட்டப் போனேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்தார். சீருடைத் துணியைத் தேர்வு செய்யும்போது செய்வதுபோல், இரும்புப் பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இதுல பாட்டு பாடினா எப்படி வரும்?"

"அருமையா வரும்க்கா. மூச்சு விடறது கூடக் கேக்கும்."

"அப்ப இதையே குடுங்க. இன்னிக்குப் பேசறவ நாளைக்குப் பாட மாட்டாளா என்ன?"

எனக்குக் காது சுட்டது. பெட்டியின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த எண்களைப் படிக்க ஆரம்பித்தேன். இரைச்சல் அளவு நான் தேடி வைத்திருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. இரண்டாவது பெட்டியையே வாங்கினோம். அண்ணி பேரம் பேசி ஒரு கேபிளும் சேர்த்து வாங்கினார்.

மாலை ஏழு மணிக்குக் கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. பெட்டியை இணைத்தேன். ஒரு பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்குக்குச் சாப்பாடு போகிறது என்று அர்த்தம்.

ஆய்வகத்தில் எந்தத் தண்ணீரைச் சோதிக்கும் முன்பும், காய்ச்சி வடித்த தண்ணீரைக் கருவியில் வைத்துப் பார்ப்போம். அதற்கு பிளாங்க் என்று பெயர். அதில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால் கருவியில் கோளாறு. அதே பழக்கத்தில், பாடும் முன் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்தேன். பிறகு தாலாட்டை நான்கு முறை பாடினேன்.

ஹெட்போனில் கேட்டபோது என் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. மழை நின்றுவிட்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனியாகத் தெரிந்தது.

ஆனால் வரிகளுக்கு நடுவே ஏதோ ஒன்று 'டிக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு 'டிக்'. நான்கு முறையும் இருந்தது. பிளாங்கைப் போட்டுக் கேட்டேன். அதிலும் இருந்தது.

பிளாங்கில் தெரிந்தால் கருவியில் கோளாறு. பழுதான பெட்டியை வாங்கி வந்துவிட்டேன்.

கடைக்குப் போன் செய்ய எண்ணை எடுத்து, பேசுவதற்கான வாக்கியங்களை ஒத்திகை பார்த்து, கடைசியில் அழுத்தினேன். யாரும் எடுக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, கடைக்கு விடுமுறை. அந்த இரவு தூக்கம் வரவில்லை. முன் அறையில் தையல் மிஷின் வழக்கம்போல் வெகுநேரம் ஓடியது. பகலில் தைத்தால் ஆகாதா என்று வழக்கம்போல் எரிச்சல் வந்தது.

ஞாயிறு பகலில் கேபிளை மாற்றினேன். விளக்கை அணைத்துப் பார்த்தேன். கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். பகலில் மிஷின் ஓடியதால் டிக் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. மாலை ஏழு மணிக்கு மிஷின் நின்றதுமே மறுபடி ஒரு பிளாங்க் எடுக்க ஆரம்பித்தேன். பதிவு ஓடும்போதே கதவு படாரென்றது. டிக்.

இரண்டு மணி நேரம் மிச்சம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கோளாறு எதுவென்று புரியும்வரை அதைப் பெரிதாக்கிப் பார்ப்பது. அந்த ஒரு நிமிட அமைதியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஒலியேற்றி, ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன்.

முதலில் கதவின் படார். எங்கள் வீடு இரண்டாவது மாடி. வெளிப்படிக்கட்டு இரும்பு, பூனை இறங்கினாலும் அதிரும். கதவுக்குப் பிறகு படிக்கட்டுச் சத்தம் வரவில்லை. நாற்காலி மெதுவாக நகர்ந்தது. பிறகு டிக். பெரிதாக்கியபோது அது இரண்டு உலோகங்கள் உரசி மூடும் சத்தம். கத்தரிக்கோல். யாரோ நூல் வெட்டுகிறார்கள்.

பிறகு ஒரு கிசுகிசுப்பு.

"அம்மா, இப்ப மிஷின் ஓட்டலாமா?"

"உஷ். அத்தை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"நேத்து நல்லாப் பாடினாங்க. முந்தாநாள் 'கண்ணே'ல கோட்டை விட்டாங்க."

"வாயை மூடுடி வாலு. பட்டனை எடு."

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

எட்டு மாதம். தினமும் உள்ளே இருந்தபடியே கதவைச் சாத்தியிருக்கிறார். பட்டன் தைப்பது, காஜா எடுப்பது, நூல் வெட்டுவது என்று சத்தமில்லாத வேலைகளை எல்லாம் ஏழு மணிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் ஓட்டாத மிஷினை இரவில் கண் விழித்து ஓட்டியிருக்கிறார். ஆறு வயதுக் குழந்தையை, அதுவும் வாலுவை, வாய் மூடி உட்கார வைத்திருக்கிறார். பழைய கார்டின் இரைச்சல் இதையெல்லாம் மூடியிருந்தது. தெரிந்த மாதிரி ஒரு பார்வைகூட அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அன்றோடு நான் பாடுவதை விட்டிருப்பேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ. நிமிர்ந்தபோது கம்ப்யூட்டரில் மணி எட்டு பத்து.

கருவியில் கோளாறு இல்லை. ஆனால் டிக் இருக்கும்வரை அனுப்ப முடியாது. கத்தரிக்கோலைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும்.

திறந்தேன்.

அண்ணி தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் சின்னச் சின்னச் சட்டைகள். வாலு பட்டன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பத்தான் வந்தோம்," என்றார் அண்ணி.

"நாம போகவே இல்லையே," என்றாள் வாலு.

அண்ணி அவளை முறைத்தார். பிறகு தலையைக் குனிந்து, வெட்டி முடித்த நூலையே மறுபடி வெட்டினார்.

"அண்ணி, ஒரு அஞ்சு நிமிஷம் கத்தரிக்கோலைக் கீழ வைக்க முடியுமா? பதிவுல கேக்குது."

"பேச்சுதானே? லேசாக் கேட்டா என்ன?"

முகத்தில் சிரிப்பே இல்லை. கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. காத்திருக்கிறார் என்று புரிந்தது. எட்டு மாதமாகக் காத்திருந்ததுபோலவே.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"பேச்சு இல்ல அண்ணி," என்றேன். "நான் பாடறேன்."