எடுத்து வைத்த ஜோடி

தலைமை அலுவலகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வரும் வரை நாங்கள் "எடுத்து வைக்கிறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தச் செருப்புக் கடையில் நான் மட்டும் இருபத்திரண்டு வருஷம் சொல்லியிருக்கிறேன். எடுத்து வைத்த ஒரு ஜோடியும் அதனால் கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை.

இனிமேல் வாடிக்கையாளரிடம் "செட் அசைட்" என்று சொல்ல வேண்டுமாம். அதைச் சொல்லிக்கொடுக்கவே டை கட்டிய ஒருவர் ரயிலேறி வந்தார். செட்டுக்கும் அசைடுக்கும் நடுவில் பொருளை வைக்க வேண்டும் என்றார். "ஐ வில் செட் த ஷூ அசைட் ஃபார் யூ." பன்னிரண்டு பேரும் கோரஸாகச் சொன்னோம். சாக்ஸ் பிரிவு அண்ணன், நடுவில் சாக்ஸை வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம் என்றார். பாலிஷ்? வைக்கலாம். எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார். மேனேஜரை வைக்கலாமா என்று நான் கேட்டேன். உடனே டீ குடிக்க அனுப்பிவிட்டார்கள்.

வார்த்தையோடு சட்டமும் வந்தது. பில் போடும் இடத்துக்குப் பின்னால் ஓர் அலமாரி. எடுத்து வைக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சள் சீட்டு ஒட்டி, பெயர், அளவு, தேதி எழுத வேண்டும். ஏழு நாள் கெடு. ஒரே பெயரில் இரண்டு தடவை நீட்டிக்கலாம். அதற்கு மேல் போனால் சீட்டைக் கிழித்துவிட்டுப் பெட்டியைக் கடைக்குள் திருப்பி அடுக்கிவிட வேண்டும். மேனேஜர் இந்தச் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்வார். என் மகன் வயசு. அவர் வாயைத் திறந்தாலே சுற்றறிக்கை எண்ணோடுதான் திறப்பார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் சுற்றறிக்கைதான்.

அலமாரி வந்த முதல் வாரத்திலேயே லிஃப்ட்காரர் வந்தார். எங்கள் கட்டிடத்து லிஃப்டைப் பழுது பார்ப்பவர். மாதத்தில் பாதி நாள் அது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிற்கும் என்பதால் அவரை எங்களுக்கு நன்றாகவே தெரியும். அன்று கையில் ஸ்பேனர் இல்லை. தலையைப் படிய வாரியிருந்தார்.

"அக்கா, ஏழு வயசுப் பொண்ணுக்கு ஷூ வேணும்."

"பொண்ணைக் கூட்டிட்டு வரலையா?"

"ஊர்ல இருக்கா. அவங்க அம்மாகூட. அடுத்த மாசம் லீவுக்கு வர்றா."

குழந்தைகள் பக்கம் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் சிவப்பில் ஒன்று எடுத்தார். குறுக்கே ஒரு பட்டை, ஓரத்தில் வெள்ளைப் பொத்தான். ஏழு வயசுக்கு இருபத்தொன்பதோ முப்பதோ சரியாக இருக்கும் என்றேன். ஒல்லியான பெண் என்றார். அப்படியென்றால் இருபத்தொன்பது. பில் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"இப்பவே வாங்கி, அவ வர்றது தள்ளிப்போய், அதுக்குள்ள சின்னதாப் போயிட்டா? நீங்க பதினஞ்சு நாளைக்கு மேல மாத்தித் தர மாட்டீங்கல்ல?"

"அப்போ அவ வந்த அன்னிக்கே கூட்டிட்டு வந்து வாங்குங்களேன்."

"அவ ரயில்ல இருந்து இறங்கும்போது என் கையில இருக்கணும்க்கா."

அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. நேராக நின்று, டை கட்டியவர் சொல்லிக்கொடுத்தபடி, "ஐ வில் செட் த ஷூ அசைட் ஃபார் யூ" என்றேன். அவர் பயந்துபோய் என்னக்கா ஆச்சு என்று கேட்டார். எடுத்து வைக்கிறேன் என்று சொன்னதும் மூச்சு விட்டார்.

அடுத்த மாதம் பெண் வரவில்லை. பரீட்சை தள்ளிப்போனதாம். அதற்கடுத்த மாதம் அவள் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்புறம் அவளுக்கு அம்மை போட்டது. அவர் மட்டும் தவறாமல் ஏழாம் நாள் சாயங்காலம் வந்து நிற்பார், சீட்டில் தேதி மாற்ற. பெட்டியைத் திறந்து ஒரு தடவை பார்ப்பார், மூடுவார், போவார். ஒரு மனிதனுக்கு இவ்வளவு பொறுமை இருக்கக் கூடாது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

"நீங்களே போய்ப் பாத்துட்டு வரலாம்ல?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"போனேன்க்கா, போன வருஷம். நான் போயிட்டு வந்தா அங்க ஒரு வாரம் சண்டை நடக்குது. நடுவுல அவ மாட்டிக்கிறா. அவளா வரட்டும்."

"பாத்து எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது. ஞாயித்துக்கிழமை போன்ல பேசுவோம். பத்து நிமிஷம்."

"அப்போ போன்லயே கால் அளவைக் கேக்க வேண்டியதுதானே? ஏன் மண்டையைக் குடைஞ்சுக்கிறீங்க?"

சிரித்தார். லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டார். லிஃப்ட் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே பெயரில் மூன்று வாரத்துக்கு மேல் வைக்க முடியாது என்பதால் நான்காவது வாரம் சீட்டில் என் புருஷன் பெயரை எழுதினேன். அப்புறம் என் நாத்தனார். அப்புறம் என் இரண்டு கொழுந்தன்மார், வரிசையாக; பெயர் தீர்ந்ததும் மறுபடி புருஷனிலிருந்து. எங்கள் கடைப் பதிவேட்டை நம்பினால், மழைக்காலத்தில் மூன்று வாரம் எழுபத்தாறு வயசான என் மாமியார் பொத்தான் வைத்த சிவப்பு ஷூவுக்காகத் தவித்துக்கொண்டிருந்தார். மாமியாருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் எங்கே அந்த ஷூ என்று கேட்டிருப்பார்.

நடுவில் அளவும் ஏறியது. நாலு மாதம் ஆனதும், குழந்தைக்குக் கால் எத்தனை மாதத்தில் ஓர் அளவு ஏறும் என்று கேட்டார். சுமாராக நாலைந்து மாதம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இருபத்தொன்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முப்பதை எடுத்து வைக்கச் சொன்னார். இன்னும் நாலு மாதம் போனதும் முப்பத்தொன்று. அந்தச் சிவப்பு ஷூவை முப்பத்தொன்றுக்கு மேல் செய்வதே இல்லை. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

பத்தாவது மாதம் தள்ளுபடி விற்பனை வந்தது. இருக்கிற சரக்கு அத்தனையும் வெளியே வர வேண்டும் என்று சுற்றறிக்கை. நான் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறேன், அலமாரி துடைத்துவிட்டது போலக் காலியாக இருக்கிறது. மேனேஜர் எல்லாச் சீட்டையும் கிழித்து, பெட்டிகளைத் தள்ளுபடி மேசையில் கொட்டிவிட்டார்.

அங்கே ஓடினேன். மேசையைச் சுற்றிக் கூட்டம். ஓர் அம்மா தன் மகளை ஸ்டூலில் உட்கார வைத்து, அந்தச் சிவப்பு ஷூவில் ஒரு காலை மாட்டிவிட்டு அடுத்ததைக் கையில் வைத்திருந்தாள். கச்சிதமாக இருந்தது. அந்தக் குழந்தைக்கு அழகாகவும் இருந்தது. 

"அம்மா, அது விக்கிறதுக்கில்ல. ரெண்டும் இடது கால். கம்பெனில தப்பா வந்திடுச்சு."

அந்த அம்மா கையிலிருந்ததைப் பார்த்தாள். குழந்தையின் காலைப் பார்த்தாள். "இது வலதுதானேம்மா?"

"பாக்க வலது மாதிரிதான் இருக்கும். போட்டு நடந்தா தெரியும்" என்று சொல்லிக்கொண்டே குழந்தை காலிலிருந்து கழற்றி, இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் வாடிக்கையாளர் காலிலிருந்து நானாகச் செருப்பைக் கழற்றியது அன்றுதான். திரும்பினால் மேனேஜர் நிற்கிறார்.

"அக்கா, ரூமுக்கு வாங்க."

போனேன். பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். என் குடும்பமே அதில் வரிசையாக நின்றது.

"உங்க வீட்டுல எத்தனை பேருக்குக்கா முப்பத்தொண்ணு சைஸ்?"

"ஒருத்தருக்கும் இல்ல சார். நான்தான் பொய்ப் பேர் எழுதினேன். லிஃப்ட்காரர் பொண்ணுக்கு. அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது. உங்க சுற்றறிக்கையை நீங்களே வெச்சுக்குங்க. ஒரு மனுஷன் பத்து மாசமா வந்து ஒரு பெட்டியைத் திறந்து பாத்துட்டுப் போறான். அவன்கிட்டப் போய் 'கெடு முடிஞ்சிடுச்சு'ன்னு நான் சொல்ல மாட்டேன். வேணும்னா நீங்க சொல்லுங்க. இன்னிக்கு நாலு மணிக்கு வருவாரு."

என் குரல் கடை முழுக்கக் கேட்டதாக சாக்ஸ் அண்ணன் பிறகு சொன்னார். மேனேஜர் பதிவேட்டை மூடினார். மேசை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எனக்கு மெமோ எழுதினார். விதி மீறியதற்கு எழுத்துமூலம் விளக்கம் தேவை, அதுவும் ஆங்கிலத்தில். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒன்றுதான். "ஐ செட் இட் அசைட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்தார். அடியில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார். நாலு மணிக்கு லிஃப்ட்காரர் வந்தபோது, மேனேஜர் பில் மேசையைவிட்டுச் சட்டென்று எழுந்து குடோனுக்குள் போய்விட்டார்.

அன்று லிஃப்ட்காரர் தேதி மாற்ற வரவில்லை.

"நாளைக்கு வர்றாக்கா. காலை வண்டி. பில் போடுங்க."

பில்லைத் தப்பாக எழுதிக் கிழித்து, மறுபடி எழுதினேன்.  அவர் பெட்டியை வாங்கிச் சட்டையோடு அணைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் அதே பெட்டி. பக்கத்தில் அந்தப் பெண். நான் மனசில் வைத்திருந்த குட்டிப் பெண் இல்லை. அவர் நெஞ்சு வரை வளர்ந்திருந்தாள், இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. எனக்கு முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கால்தான் கண்ணில் படும், அது தொழில் புத்தி. பார்த்தேன். அளவுப் பலகையே வேண்டாம். முப்பத்திமூன்று.

"ஸ்டேஷன்லயே போட்டுப் பாத்தோம்க்கா. குதிகால் வெளிய நிக்குது." லிஃப்டில் எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று எங்களிடம் சொல்வாரே, அதே குரலில்தான் சொன்னார். ஆனால் பெட்டியை மேசையில் வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நாலைந்து மாதம் என்று அடித்துவிட்ட என் வாயைச் சொல்ல வேண்டும். "இந்தக் கம்பெனிக்காரன் எப்பவும் சின்னதாத்தான் செய்வான், உங்க மேல தப்பே இல்ல" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி. எனக்கு முப்பத்திமூணு" என்றாள் அந்தப் பெண். "போன வருஷமே முப்பத்திரண்டு." அப்பா பக்கம் திரும்பினாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "போன்ல கேட்டிருக்கலாமேப்பா?"

அவர் பெட்டி மூடியைத் தடவினார்.

"கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரிஞ்சிடுமேம்மா."

சாக்ஸ் அண்ணன் மடித்துக்கொண்டிருந்ததை அப்படியே வைத்தார்.  எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். 

 அவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன சைஸ்ப்பா?"

"எனக்கா? வேலைல பூட்ஸ் கொடுக்குறாங்க. போட்டுக்கறேன்."

"எனக்கும் தெரியாது" என்றாள். "ஆன்ட்டி, அப்பாவுக்கு அளந்து பாருங்க."

அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். அவள் அவர் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். பூட்ஸ் முடிச்சை அவிழ்க்க நேரமானது. சாக்ஸில் கட்டைவிரல் இருந்த இடத்தில் ஓட்டை. அதை அவர் மறைக்கப் பார்த்தார், நான் பார்க்காத மாதிரிப் பலகையை வைத்து அளந்தேன்.

"நாப்பத்திரண்டு" என்றேன்.

அவள் பில் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மை காயும் வரை ஊதினாள்.